ஒரு கூரையும் இரண்டு அடுப்பும்
(கணவனும் மனைவியும் பிரிந்து வாழும்போது வீட்டு உதவி யாருக்கு?)

கொல்லிமலையில் குண்டனி நாட்டு அங்கத்தினர் சிலருடன் அண்மையில் அளவளாவும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. மிளகு விலை, காப்பிச் செடிக்கு நிழல், மரவள்ளிக்கு வண்டிச் சத்தம் என்று பேச்சு நீண்டு, எல்லோரும் எழும் வேளையில் ஒரு சகோதரி தயங்கி நின்று ஒரு வினாவை விடுத்தார். "என் வீட்டுக்காரர் என்னை விட்டுப் போய் ஏழு வருஷம் ஆகிறது. நான் தாய் வீட்டுத் திண்ணையில் இரண்டு பிள்ளைகளோடு இருக்கிறேன். வீடு கேட்டு மனுக் கொடுத்தால், உங்கள் குடும்பத்துக்கு முன்பே வீடு கொடுத்தாயிற்று என்கிறார்கள். அந்த வீட்டில் நான் இல்லை. எனக்கு வீடு இருக்கிறதா, இல்லையா ஐயா?"

கூடியிருந்தோரில் எவரும் உடனே விடை கூறவில்லை. நாமும் கூறவில்லை. விடை எளிதன்று என்பதே காரணம். எனினும் இவ்வினா அந்தச் சகோதரி ஒருவருடையது அன்று. மலையில் பயிரிடுவோரிடையேயும், சமவெளியில் தறி நெய்வோரிடையேயும், ஊர்தோறும் இதே வினாவோடு யாரேனும் ஒருவர் இருக்கவே செய்கிறார். ஆகவே இதைச் சற்று விரிவாக ஆராய்வது அங்கத்தினர்க்குப் பயன் தரும் என எண்ணுகிறோம்.

அடுப்பே அளவுகோல்

அரசாங்கம் வீட்டு உதவியை ஆளுக்கு ஒன்றாக அளிப்பதில்லை. குடும்பத்திற்கு ஒன்றாகவே அளிக்கிறது. அங்ஙனமாயின் குடும்பம் என்பது யாது? மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இதற்கு நெடுங்காலமாக ஓர் இலக்கணம் உண்டு. வழக்கமாக ஒன்றாக வாழ்ந்து, ஒரே சமையலறையில் உண்போர் ஒரு குடும்பம். தொழில் நிமித்தம் ஒருவர் வெளியூரில் தங்க நேர்ந்தாலும் அவர் அக்குடும்பத்தைச் சேர்ந்தவரே. இரத்த உறவு இருந்தாலும் அடுப்பு வேறானால் குடும்பம் வேறு.

இந்த இலக்கணம் ஏட்டளவில் நின்றுவிடுவது அன்று. 2011-ல் தொடங்கிய சமூகப் பொருளாதார, சாதிக் கணக்கெடுப்பும் குடும்பத்தை ஓர் அலகாகக் கொண்டே நடத்தப்பட்டது. அக்கணக்கெடுப்பின் விவரங்களை அடிப்படையாகக் கொண்டே 2016-ல் தொடங்கப்பெற்ற பிரதம மந்திரி கிராம வீட்டு வசதித் திட்டத்தில் பயனாளிகள் தெரிந்தெடுக்கப்பட்டனர். தமிழ்நாட்டில் குடும்ப அட்டை வழங்கும்போதும், விண்ணப்பித்தவர் தனியே சமைத்து உண்கிறாரா என்பதே நேரில் வந்து பார்க்கப்படுகிறது. நம் பாட்டிமார் 'அடுப்பு வேறாயிற்று' என்று ஒரே சொல்லில் கூறியதைத்தான் சர்க்கார் ஏடுகளும் கூறுகின்றன.

அடுப்பு எங்கே எரிகிறது என்பதை நேரில் கண்டால் எவருக்கும் ஐயம் எழாது. ஆனால் ஏட்டில் எழுதிய அடுப்பு ஓரிடத்திலும், உண்மையில் எரியும் அடுப்பு வேறோரிடத்திலும் இருக்குமாயின், துன்பம் அங்கேதான் தொடங்குகிறது. கணவனும் மனைவியும் பிரிந்து வாழும் நிலையை மூன்றாக வகுத்துப் பார்ப்போம்.

பிழைப்பைத் தேடிப் பிரிந்தோர்

முதலாவது, மனம் பிரியாமல் இடம் மட்டும் பிரிந்தோர். மலையில் வேலை குன்றும் மாதங்களில் கேரளத்துத் தோட்டங்களுக்கும், குடகுக்கும், திருச்செங்கோட்டு ஆழ்துளைக் கிணற்று வண்டிகளோடு வட மாநிலங்களுக்கும் செல்லும் ஆடவர் பலர். அவர் ஆறு மாதம் வாராவிட்டாலும் குடும்பம் ஒன்றே. வீட்டு உதவியும் ஒன்றே. கணவன் ஊரில் இல்லை என்ற காரணத்தால் குடும்பம் தகுதி இழப்பதில்லை. மனைவி இங்கே ஒரு வீடும், கணவன் வேலை செய்யும் நகரில் மற்றொரு வீடும் சர்க்கார் உதவியால் பெற இயலாது என்பதையும் உடன் நினைவிற் கொள்ள வேண்டும். நகர்ப்புறத் திட்டம் கணவன், மனைவி, மணமாகாத மக்கள் ஆகியோரை ஒரு குடும்பமாகக் கொண்டு, அவர்களுள் எவர் பெயரிலும் இந்தியாவில் எங்கும் நிலையான வீடு இருத்தலாகாது என்று விதித்தது. 2024-ல் தொடங்கிய அதன் இரண்டாம் கட்டத்தில், முந்தைய 20 ஆண்டுகளுக்குள் எந்த அரசாங்கத் திட்டத்திலேனும் வீடு பெற்றவர்க்கு உதவி இல்லை என்ற விதியும் சேர்க்கப்பட்டது.

இத்தகைய குடும்பங்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கிராமத் திட்டத்தின் நெறிமுறைப்படி, வீடு கணவன் மனைவி இருவர் பெயரிலும் கூட்டாக ஒதுக்கப்பட வேண்டும். மாநில அரசு விரும்பினால் மனைவி பெயரில் மட்டுமே ஒதுக்கலாம். கைம்பெண், மணமாகாதவர், பிரிந்து வாழ்பவர் ஆகியோர்க்கு மட்டும் இவ்விதியிலிருந்து விலக்கு உண்டு. ஆகவே அனுமதி ஆணை கைக்கு வந்ததும் அதில் இருவர் பெயரும் உள்ளனவா என்று படித்துப் பார்த்துக்கொள்வது கடமையாகும். இன்று இணக்கமாக வாழ்வோர்க்கு அது வெறும் காகிதம். நாளை எவ்வாறாயினும், அந்தக் காகிதமே ஒரு தாய்க்கும் பிள்ளைகளுக்கும் கூரையாகும்.

மனம் முறிந்து பிரிந்தோர்

இரண்டாவது நிலையே கடினமானது. கணவன் கைவிட்டதாலோ, கொடுமை பொறாமலோ தாய் வீடு திரும்பிய பெண்ணின் நிலை அது. ஏட்டில் அவர் இன்னும் கணவனின் குடும்ப அட்டையிலேயே இருப்பார். கணவன் பெயரில் வீடு வந்திருந்தால், அவரும் வீடு பெற்றவராகவே கருதப்படுவார். வீடு வராவிட்டாலும் தொல்லை தீர்வதில்லை. கிராமத் திட்டத்தில் முன்னுரிமை வழங்கும்போது, 16 முதல் 59 வயது வரையிலான ஆடவர் எவரும் இல்லாது பெண்ணே தலைவியாக உள்ள குடும்பத்திற்குக் கூடுதல் மதிப்பு அளிக்கப்பட்டது. வீட்டில் வாழாத கணவனின் பெயர் அட்டையில் மட்டும் வாழ்ந்துகொண்டிருந்தால், அந்த முன்னுரிமை கைநழுவிப் போகும். ஆளாக வந்து உதவாதவர் பெயராக வந்து தடுக்கிறார்!

'விவாகரத்துத் தீர்ப்பைக் கொண்டு வா' என்று எவரேனும் கூறினால், மலைவாழ் பெண் எங்கே போவார்? கொல்லிமலை மலையாளி மக்கள் பழங்குடியினர் பட்டியலில் உள்ளோர். 1955-ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தின் 2-ஆம் பிரிவு, மத்திய அரசு தனியே அறிவித்தாலன்றி அச்சட்டம் பட்டியல் பழங்குடியினர்க்குப் பொருந்தாது என்று கூறுகிறது. அவர்தம் மணமும் பிரிவும் வழிவழி வந்த வழக்கத்தையே சார்ந்தவை. ஊர்ப் பெரியவர் முன்னிலையில் பேசி முடித்த பிரிவுக்கு முத்திரைத் தாள் ஏது? வழக்கத்தால் பிரிந்தவரிடம் நீதிமன்றத் தாளைக் கேட்பது, கிணற்று நீரில் வாழ்பவரிடம் குழாய்நீர் வரி ரசீது கேட்பதை ஒக்கும்.

ஆயினும் வழி இல்லாமல் இல்லை. கணவனைப் பிரிந்து தனியே வாழும் பெண்கள், நீதிமன்றத் தீர்ப்பு இல்லாமலே, நேரடி விசாரணையின் பேரில் தனிக் குடும்ப அட்டை பெறுவதற்குத் தமிழ்நாட்டில் அண்மை ஆண்டுகளில் வழி செய்யப்பட்டுள்ளது. கணவனால் கைவிடப்பட்டவர் என்னும் சான்றிதழுக்கு இ-சேவை மையம் வாயிலாக வருவாய்த் துறையினிடம் விண்ணப்பிக்கலாம். கைவிடப்பட்ட பெண்களுக்கான மாத உதவித்தொகையும் நெடுநாளாக இருந்து வருகிறது. அது 2023-ல் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. இவ்வுதவி பெற்றதற்கான ஆணை கையிலிருந்தால், அதுவும் தனித்து வாழ்வதற்கு ஒரு சான்றே.

ஒரே கூரையின் கீழ் பிரிந்தோர்

மூன்றாவது நிலை விந்தையானது. உறவு முறிந்தும், போக்கிடம் இன்மையால் ஒரே வீட்டில் இரு மூலைகளில் வாழ்வோர் உளர். நெசவாளர் குடும்பங்களில் இதைக் கூடுதலாகக் காண்கிறோம். தறி வீட்டினுள்ளே குழியில் இருக்கிறது. வீட்டை விட்டுப் போனால் தறியையும் விட்டுப் போக வேண்டும். தறி போனால் கூலியும் போகும். ஆகவே நெய்யும் பெண் பல்லைக் கடித்துக்கொண்டு அதே கூரையின் கீழ் இருக்கிறார். கதவிலக்கம் ஒன்றே ஆனதால், இருவரும் ஒரு குடும்பமாகவே எழுதப்படுகின்றனர்.

இவ்வினா நம் நாட்டில் மட்டும் எழுவது அன்று. பிரிட்டனில் ஏழைகளின் வீட்டு வாடகைக்கு அரசாங்கம் உதவும் முறை உண்டு. 'ஹவுசிங் பெனிஃபிட்' எனப்பட்ட அவ்வுதவியின் இடத்தை, வேலை செய்யும் வயதினர்க்கு 2013 முதல் 'யுனிவர்சல் கிரெடிட்' படிப்படியாக எடுத்துக்கொண்டது. அங்கும் கணவனும் மனைவியும் ஒரு குடும்பமாக வாழ்ந்தால் மனு ஒன்றே. ஒரே முகவரியில் இருந்தாலும், சமையலும் பணமும் படுக்கையும் வேறு வேறானால் அவர்கள் இரு குடும்பமாகக் கருதப்படலாம். ஆனால் பழைய வாடகை உதவி விதிகளில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. இருவரும் முன்பு சேர்ந்து வாழ்ந்த வீட்டிற்காக, பிரிந்த துணைவருக்கே ஒருவர் வாடகை செலுத்துவதாகச் சொன்னால், அதற்கு உதவி கிடையாது. மெய்யாகவே பிரிந்தவர்க்கு உதவ வேண்டும், பிரிந்ததாக நடிப்பவர்க்கு உதவலாகாது என்ற இரட்டைக் கவலை அங்கும் உண்டு, இங்கும் உண்டு.

வாழ்ந்த வீட்டின்மீது உரிமை

புதிய வீட்டை நாடுமுன் பழைய வீட்டின்மீதுள்ள உரிமையைப் பலர் மறந்துவிடுகின்றனர். 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறைக்கு வந்தது. இது பழங்குடியினர் உட்பட எல்லா வகுப்பினர்க்கும் பொருந்தும். கணவனோடு பகிர்ந்து வாழ்ந்த வீட்டில் மனைவி வசிக்கும் உரிமை உடையவர் என்று இச்சட்டத்தின் 17-ஆம் பிரிவு கூறுகிறது. பட்டா எவர் பெயரில் உள்ளது என்பது பொருட்டன்று. அவரை வெளியேற்றலாகாது என்று தடை விதிக்கவும், வேறிடத்தில் அதற்கொத்த இருப்பிடம் அமைத்துத் தரவோ வாடகை கொடுக்கவோ கணவனுக்கு ஆணையிடவும் 19-ஆம் பிரிவு மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரம் அளிக்கிறது. சர்க்கார் தரும் உதவி மட்டுமன்றி, கணவன் தர வேண்டிய வீட்டு உதவியும் ஒன்று உண்டென்பது இதனால் விளங்கும்.

வீடு மாமனார் பெயரில் இருந்தால் என்ன செய்வது? 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், கணவனின் உறவினர்க்கு உரிய வீடும், அப்பெண் அங்கே நிலையாக வாழ்ந்திருந்தால், பகிர்ந்து வாழ்ந்த வீடாகலாம் என்று தீர்ப்பளித்தது. கூட்டுக் குடும்பமாகப் பலர் வாழும் நம் ஊர்களுக்கு இது மிக ஏற்ற தீர்ப்பு. ஆனால் இவ்வுரிமை குடியிருக்கும் உரிமையே. அதனால் வீடு மருமகளுக்குச் சொந்தமாகிவிடாது.

தாய் வீட்டு நிலத்தைப் பற்றியும் ஒரு சொல். 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டமும் பழங்குடியினர்க்கு நேரே பொருந்துவதில்லை. ஆயினும் 2025 ஜூலை 17 அன்று, சத்தீஸ்கர் பழங்குடிக் குடும்பம் ஒன்றின் வழக்கில் உச்ச நீதிமன்றம், பெண்ணுக்குப் பங்கில்லை என்னும் வழக்கம் மெய்ப்பிக்கப்படாத நிலையில், பெண் என்பதற்காக மட்டும் பங்கை மறுப்பது அரசியலமைப்புக்கு மாறானது என்று கூறிற்று. உடன்பிறந்த சகோதரர்கள் இதைக் கேட்டு அஞ்ச வேண்டியதில்லை. திரும்பி வந்த தங்கைக்கு வீடு கட்டப் போதுமான மனையை மனமுவந்து எழுதிக் கொடுத்தால், வழக்கும் இல்லை. வீடு கட்ட இடமும் உண்டு. 2024-ல் தமிழ்நாட்டரசு அறிவித்த கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 3.50 லட்சம் ரூபாய் உதவி வகுக்கப்பட்டது. குடிசையில் வாழ்வதோடு, மனையும் மனுதாரருக்கு இருக்க வேண்டும் என்பது அதன் தேவை. இடம் இல்லாதவர்க்கு உதவி எட்டாமற்போவது இங்கேதான்.

செய்ய வேண்டுவன

அந்தச் சகோதரியின் வினாவுக்கு இப்போது விடை கூறலாம். அம்மணி, உமக்கு ஏட்டில் வீடு இருக்கிறது, உண்மையில் இல்லை. ஏட்டையும் உண்மையையும் ஒன்றாக்கும் வேலை முன்னதாக நடைபெற வேண்டும். அதைப் படிப்படியாகச் செய்ய வேண்டும்.

முதலில், முன்பு வந்த வீட்டின் அனுமதி ஆணையில் எவர் பெயர் உள்ளது என்று ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் கேட்டறிய வேண்டும். இருவர் பெயரிலும் இருக்குமானால் அவ்வீட்டில் உமக்கும் பங்குண்டு; அதை விட்டுவிட்டுப் புதுவீடு கேட்பது பொருந்தாது. கணவன் பெயரில் மட்டும் இருக்குமானாலும், மேலே கூறிய குடியிருப்பு உரிமை உமக்கு உண்டு.

இரண்டாவது, தனிக் குடும்ப அட்டைக்கும் கைவிடப்பட்டவர் சான்றுக்கும் உடனே விண்ணப்பிக்க வேண்டும். வீட்டுக் கணக்கெடுப்பு வந்த பின்னர் ஓடுவதில் பயனில்லை. கணக்கெடுப்போர் வாசலில் நிற்கும் நாளில் அட்டை உம் கையில் இருக்க வேண்டும். பிள்ளைகளின் பெயர்களையும் உம் அட்டைக்கு மாற்றிக்கொள்ள மறக்கலாகாது.

மூன்றாவது, ஜீவனாம்சம் கோரலாம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆம் பிரிவு இதற்கு வழி செய்கிறது. இது எல்லா வகுப்பினர்க்கும் பொதுவானது. அதில் கிடைக்கும் ஆணை, மாதப் பணத்தோடு, பிரிந்து வாழ்வதற்கு வலுவான சான்றும் ஆகும். வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லையே என்று கலங்க வேண்டாம். 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி, பெண்களும் பட்டியல் பழங்குடியினரும் வருமானம் எவ்வளவாயினும் இலவசச் சட்ட உதவிக்கு உரியவர்கள். 15100 என்ற எண்ணில் சட்ட உதவியையும், 181 என்ற எண்ணில் மகளிர் உதவியையும் கேட்கலாம்.

நான்காவது, கிராம சபையில் பேச வேண்டும். வீட்டுத் திட்டத்தின் பயனாளிப் பட்டியலைச் சரிபார்க்கும் இடம் அதுவே. ஏழாண்டாகத் தாய் வீட்டுத் திண்ணையில் இருப்பவரை ஊரார் அறிவர். அவர்கள் வாய் திறந்து சொன்னால், அது தீர்மான ஏட்டில் ஏறும்.

இவ்வளவும் செய்தால் வீடு நிச்சயமா என்று கேட்டால், ஆம் என்று நாம் உறுதி கூற இயலாது. நிதியும் இலக்கும் ஆண்டுக்கு ஆண்டு மாறும். தகுதி உடையோர் பலர் வரிசையில் நிற்பர். ஆனால் வரிசையில் நிற்கும் உரிமையாவது உறுதியாகும். இன்று அந்த உரிமையே உமக்கு மறுக்கப்படுகிறது.

போலிப் பிரிவு வேண்டாம்

இன்னொன்றையும் கசப்பாயினும் கூறியாக வேண்டும். ஒரே அடுப்பில் உண்டு கொண்டே, இரண்டு வீடு பெறும் ஆசையில் 'நாங்கள் பிரிந்துவிட்டோம்' என்று எழுதிக் கொடுப்போரும் சிலர் உண்டு. வெளிப்பட்டால் கொடுத்த தொகையைத் திரும்பக் கட்ட நேரிடும். குற்ற வழக்கும் வரலாம். அதனினும் பெரிய தீங்கு ஒன்று உண்டு. நான்கு பேர் பொய்யாகப் பிரிந்தால், ஐந்தாவதாக வரும் உண்மையான அபலையை அதிகாரி நம்ப மாட்டார். அவர் ஏறாத படி இல்லை, கேட்காத தாள் இல்லை என்றாவதற்கு, முன்னே சென்ற பொய்யே காரணமாகிறது.

சங்கம் என்ன செய்யலாம்?

இங்கே நம் கூட்டுறவுச் சங்கங்களின் கடமை தலைதூக்குகிறது. அட்டை அடுப்பை எண்ணுகிறது. பட்டா பெரும்பாலும் ஆணை எண்ணுகிறது. சங்கத்தின் அங்கத்தினர் ஏடு ஒன்றே ஆணையும் பெண்ணையும் தனித்தனி ஆளாக எண்ணுகிறது. ஒருவருக்கு ஒரு வாக்கு என்பது நம் முதற்கொள்கை அன்றோ! ஆயினும் நடைமுறையில் பங்கும் கடனும் விற்பனை ரசீதும் கணவன் பெயரில் மட்டுமே இருக்க விடுகிறோம். மிளகைப் பறித்து உலர்த்தியவர் மனைவி. ரசீது கணவன் பெயரில். நூலை இழைத்துத் தார் சுற்றியவர் மனைவி. கூலிப் புத்தகம் கணவன் பெயரில்.

உழைக்கும் ஒவ்வொரு பெண்ணையும் தன் பெயரிலேயே அங்கத்தினராகச் சேர்ப்போமாக. அவர் கொண்டுவரும் சரக்குக்கு அவர் பெயரிலேயே ரசீது எழுதுவோமாக. தனித்து வாழ்ந்து, தனித்து உழைத்து, தனித்துக் கணக்கு வைத்திருப்பவர் இவர் என்பதற்கு அவை துணைச் சான்றுகளாகும். வீட்டு உதவி தவணை தவணையாக, கட்டட வேலை ஏறும் அளவுக்கேற்பவே வருவதால், அடுத்த தவணை வரும்வரை செங்கல்லுக்கும் சிமெண்டுக்கும் கைமாற்றின்றித் தவிக்கும் பெண்ணுக்குச் சிறுகடன் அளிப்பதும் சங்கத்தால் இயலும். மலைப் பாதையில் சரக்கு ஏறி வர ஆகும் செலவை அறிந்தோர்க்கு இதன் அருமை தெரியும். மனு எழுதத் தெரிந்த ஒருவர், மாதம் ஒரு நாள் சங்க அலுவலகத்தில் அமர்ந்தால் போதும். எத்தனையோ குடும்பங்களின் அலைச்சல் தீரும்.

குண்டனி நாட்டுச் சகோதரி நம்மிடம் பொருள் கேட்கவில்லை; தமக்கு வீடு இருக்கிறதா, இல்லையா என்றே கேட்டார். அவருடைய அடுப்பு எங்கே எரிகிறதோ அங்கேயே ஏட்டிலும் எரியும்படி செய்துவிட்டால், அவ்வினாவுக்கு ஒரே விடைதான் இருக்கும். அதற்கு வேண்டிய சாட்சி சொல்ல ஊரார் முன்வர வேண்டும். சாட்சி ஏட்டில் ஏறச் சங்கம் துணை நிற்க வேண்டும். அடுத்த மாதக் கூட்டத்தில் அங்கத்தினர் தத்தம் ஊரில் இத்தகைய நிலையிலுள்ளோரின் பெயரைக் குறித்து வருவார்களாக.